பிள்ளை வெளிக்குப் போகவில்லையே! சோப்பும் வேண்டாம், அடியும் வேண்டாம்

மழலை நலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தக்காளிச் செடியில் இலை சுருண்டால் உடனே ஒரு இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் காட்டுகிறோம். மாடு சாணி போடவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குப் போன் போடுகிறோம். ஆனால் வீட்டில் பிள்ளை சரியாக வெளிக்குப் போகவில்லை என்றால் மட்டும் அதை வெளியில் சொல்ல ஒரு கூச்சம். பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டில் சொன்னது என்று வீட்டுக்குள்ளேயே வைத்தியம் நடக்கிறது. அந்தக் கூச்சத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு தாய் எழுதிய கடிதம் வந்திருக்கிறது. பல வீடுகளுக்கும் பொருந்தும் கேள்வி என்பதால் இந்த இதழில் அதற்கே அதிக இடம் தருகிறோம்.

கேள்வி: "கெலமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். 2 ஏக்கரில் ராகியும் தக்காளியும் போடுகிறோம். ஒரு கறவைப் பசு இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறேன். பெண் குழந்தைக்கு 4 மாதம். தாய்ப்பால் மட்டும்தான். எடை 6 கிலோ 200 கிராம். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை ஆய் போனவள், இப்போது 5 நாளைக்கு ஒரு தடவைதான் போகிறாள். போகும்போது முகம் சிவந்து முக்குகிறாள். மாமியார் சோப்பைச் சீவி ஆசனவாயில் வைக்கலாம் என்கிறார். நான் வேலைக்குப் போன பிறகு பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்.

பையனுக்கு 3 வயது. அவன்தான் பெரிய கவலை. வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அவ்வளவு பெரிய கட்டியாகப் போகிறான். ஒருமுறை ரத்தம் பட்டிருந்தது. வரும்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறான். உட்காரச் சொன்னால் அலறுகிறான். ஒரு மாதமாக டவுசரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அங்கன்வாடியில் நாற்றம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் அவன் அப்பா வேண்டுமென்றே செய்கிறான் என்று அடித்துவிட்டார். அன்றிலிருந்து இன்னும் பயப்படுகிறான். என்ன செய்வது?"

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. சின்னவளுக்கு இருப்பது மலச்சிக்கலே இல்லை. பெரியவனுக்கு இருப்பது நிஜமான மலச்சிக்கல். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. இந்தப் பதிலை அவன் அப்பாவுக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சின்னவள்: நாளைக் கணக்கிடாதீர்கள், மலத்தைப் பாருங்கள்

மலச்சிக்கல் என்றால் "தினமும் போகாதது" என்றுதான் நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. மலம் இறுகி, ஆட்டுப் புழுக்கை போலவோ பெரிய கட்டியாகவோ, வலியோடு வந்தால்தான் அது மலச்சிக்கல்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் சில வாரங்களில் ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் போகும். ஒன்றரை மாதம் ஆன பிறகு சில குழந்தைகள் வாரத்துக்கு ஒரு தடவைகூடப் போவது உண்டு. தாய்ப்பாலில் கழிவு மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. போகும்போது மலம் மஞ்சளாக, இளக்கமாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து, நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் கவலை வேண்டாம். உங்கள் பெண்ணின் எடை 4 மாதத்துக்கு நல்ல எடைதான்.

முக்குவது ஏன்? வயிற்றை இறுக்குவதும் ஆசனவாயைத் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் மலம் வெளியேறும். இது குழந்தைக்குப் பிறவியில் வராது, பழகித்தான் வரும். பழகும் வரை பத்து இருபது நிமிடம் முகம் சிவக்க முக்கும், அழும். பிறகு இளக்கமாகவே போகும். சில வாரங்களில் அதுவாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது போல மெதுவாக மடக்கி நீட்டுங்கள். தொப்புளைச் சுற்றி, கடிகார முள் சுற்றும் திசையில் உள்ளங்கையால் லேசாகத் தடவுங்கள். அது போதும்.

6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வெயில் காலத்திலும் குழந்தைக்கு வேண்டிய தண்ணீர் தாய்ப்பாலிலேயே இருக்கிறது.

சோப்பு, வெற்றிலைக் காம்பு, விளக்கெண்ணெய், தேன்

மாமியார் சொல்வது பேத்தியின் மேல் உள்ள பாசத்தில்தான். அவர் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் சொல்கிறார். ஆனாலும் இவை ஒவ்வொன்றிலும் ஆபத்து இருக்கிறது.

சோப்பில் காரம் இருக்கிறது. கண்ணில் பட்டாலே எரிகிறது. ஆசனவாயின் உள்தோல் கண்ணைப் போல மென்மையானது. சோப்புத் துண்டு அங்கே எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். அந்த எரிச்சலில்தான் மலம் வெளியே வருகிறது. எண்ணெய் தொட்ட வெற்றிலைக் காம்பு உள்ளே கிழித்துவிடலாம். அடிக்கடி இப்படித் தூண்டினால், தானாகப் போகப் பழக வேண்டிய குழந்தை தூண்டினால்தான் போகும் என்று ஆகிவிடும்.

விளக்கெண்ணெய் குடலை முறுக்கிப் பேதியாக்கும். சின்னக் குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றிப்போக அதிக நேரம் ஆகாது. வாயில் ஊற்றும்போது புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். எண்ணெய்க் குளியலின்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயல் வரப்பில் ஆமணக்கு வைத்திருப்பவர்கள் விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எண்ணெயில் இல்லாத ரிசின் என்ற கொடிய நஞ்சு விதையில் இருக்கிறது. புள்ளி போட்ட அழகான கொட்டை என்று பிள்ளைகள் அதைக் கடித்துவிடுவார்கள்.

ஒரு வயதுக்கு முன் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் சில சமயம் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தைகளுக்கு இப்படி நோய் வருவதை 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். இந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான். அதற்குப் பிறகு பால் உறிஞ்சும் பலம் குறைந்து, அழுகை மெலிந்து, உடம்பு துவண்டுபோகும். மலச்சிக்கலுக்கு மருந்து என்று தேன் கொடுத்து, மலச்சிக்கலை உண்டாக்கும் நோயையே வரவழைத்துவிடக் கூடாது. நம் பக்கம் ரோஜாத் தோட்டம் இருக்கும் வீடுகளில் குல்கந்து செய்வார்கள். தேன் சேர்த்த குல்கந்துக்கும் இதே விதிதான்.

வேலைக்குத் திரும்பும்போது

வீட்டில் பசு இருந்தாலும், ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். அது கன்றுக்கு ஏற்ற பால். புரதமும் உப்பும் குழந்தைக்கு அதிகம், இரும்புச்சத்து மிகக் குறைவு. மலத்தை இறுக்கும், ரத்தசோகையை உண்டாக்கும். தண்ணீர் கலந்தால் சத்துதான் குறையும், குறை தீராது.

வேலைக்குப் போகும் தாய் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் பீய்ச்சி வையுங்கள். நம் மேட்டு நிலத்துக் குளிர்ச்சியில் வெளியில் 4 மணி நேரம் தாங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் 4 நாள் வரை வைக்கலாம். அடுப்பில் சுட வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் குளிர் நீக்கி, பாலாடையால் கொடுக்கச் சொல்லுங்கள். பீடிங் பாட்டில் வேண்டாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு 2 இடைவேளை கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு 4 தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அந்த இடைவேளையில் கம்பெனியிலேயே பாலைப் பீய்ச்சிவிட்டால் மார்பும் கட்டிக்கொள்ளாது, பாலும் வற்றாது.

மருத்துவர் சொல்லிப் பால்பவுடர் கொடுக்க நேர்ந்தால், டப்பாவில் எழுதியிருக்கும் அளவை மீறாதீர்கள். "கெட்டியாக இருந்தால் தெம்பு" என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் மலம் கல்லாகும்.

6 மாதத்துக்குப் பிறகு: ராகியைத் துணியில் வடிகட்டலாமா?

நம் பக்கம் ராகியை ஊறவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அந்தப் பாலைக் காய்ச்சிக் கொடுப்பார்கள். துணியில் தங்கும் சக்கையை மாட்டுக்குப் போட்டுவிடுவோம். அந்தச் சக்கையில்தான் நார் இருக்கிறது. பிள்ளைக்கு மாவுச்சத்து மட்டும் போகிறது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. மைதாவும் அரிசி போலத்தான். நம் நிலத்தில் விளையும் ராகியை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு பன்னும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

முதல் இரண்டு வாரம் வடிகட்டிய ராகிக் கஞ்சி கொடுக்கலாம். பிறகு முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைத்த மாவை மெல்லிய சல்லடையில் சலித்துக் கஞ்சி காய்ச்சுங்கள். 8, 9 மாதத்தில் சலிக்காத மாவே போதும். கஞ்சியோடு வேகவைத்து மசித்த காரட், பூசணி, கீரை, பருப்பு என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியை மசித்துக் கொடுங்கள். திட உணவு தொடங்கிய பிறகு சாப்பாட்டோடு காய்ச்சி ஆறிய தண்ணீர் சில மடக்கு கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் நாள் முழுக்கச் சேர்த்து அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் போதும். நார் சேர்ந்து தண்ணீர் சேராவிட்டால் மலம் இன்னும் இறுகும்.

உலர் திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கி, மசியலாகக் கொடுக்கலாம். முழுத் திராட்சை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை போன்றவற்றை முழுசாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

பெரியவன்: காலைப் பின்னுவது எதற்காக?

இப்போது உங்கள் மகனைப் பற்றி. கொட்டகைக்குப் பின்னால் அவன் காலைப் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, போவதற்காக முக்குகிறான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவன் அடக்குகிறான். ஒருநாள் கட்டியாகப் போனது, ஆசனவாய் கிழிந்தது, ரத்தம் வந்தது, வலித்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து ஒரே ஒரு பாடம்தான் தெரியும்: ஆய் போனால் வலிக்கும். அதனால் அடக்குகிறான். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மலம் இன்னும் இறுகி, இன்னும் பெரிதாகிறது. அடுத்த தடவை இன்னும் வலிக்கிறது. அவன் இன்னும் அடக்குகிறான். செக்குமாடு போல இதே வட்டம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

டவுசரில் கசிவதும் இதனால்தான். மடையில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்பதில்லை, கரையோரம் கசிந்து வழிகிறது. அதே போலக் கடைசிக் குடலில் கட்டி அடைத்திருக்க, மேலிருந்து வரும் இளக்கமான மலம் அதன் ஓரமாகக் கசிந்து வெளியே வருகிறது. குடல் ரப்பர் போல இழுபட்டுத் தொய்ந்துவிட்டதால் "வருகிறது" என்ற உணர்வே அவனுக்குத் தெரிவதில்லை. வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது. தெரியாமல் நடப்பதற்கு அடித்தால் என்ன பயன்? பயத்தில் இன்னும் அடக்குவான், நோய் முற்றும். இதைப் பேதி என்று நினைத்து மலத்தைக் கட்டும் மருந்து வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அது அடைப்பின் மேல் இன்னும் மண்ணைக் கொட்டுவது போல.

படிப்படியாகச் செய்ய வேண்டியது

முதல் படி, அடைப்பை எடுப்பது. இது வீட்டில் முடியாது. தேன்கனிக்கோட்டை அல்லது ஓசூர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியையோ லாக்டுலோஸ் என்ற சிரப்பையோ எடைக்கு ஏற்ற அளவில் எழுதுவார். இவை குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குபவை. கடையில் நீங்களாக வாங்கி அளவை ஊகித்துக் கொடுக்காதீர்கள். அடைப்பு இருக்கும்போது கீரையும் பழமும் திணித்தாலும் தீராது. அடைத்த வாய்க்காலில் மேலும் தண்ணீர் விட்டது போல வயிறு உப்பும்.

இரண்டாவது படி, மருந்தைத் தொடர்வது. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறுகிறது. நாலு நாள் இளக்கமாகப் போனதும் "பழக்கமாகிவிடும்" என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தொய்ந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் 2014-ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, குறைந்தது 2 மாதம் மருந்தைத் தொடரச் சொல்கிறது. எல்லாத் தொந்தரவும் நின்று ஒரு மாதம் ஆன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. பாதியில் நிறுத்தினால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

மூன்றாவது படி, உட்காரும் பழக்கம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு 5 நிமிடம் உட்காரவையுங்கள். நம் ஊர்க் குத்துக்கால் கழிப்பறை இதற்கு நல்லது. பெரியவர்களுக்கான கழிப்பறையில் குழிக்குள் விழுந்துவிடுவேனோ என்று பயந்தால், சின்னப் பிள்ளைக்கான பாட்டியை வாங்குங்கள். பாதம் தரையில் நன்றாக ஊன்றியிருக்க வேண்டும். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். வலி தீரும் வரை கட்டாயப்படுத்த வேண்டாம். மருந்தால் மலம் இளகி, வலிக்காமல் நாலு தடவை போனால் அவனே பயத்தை விடுவான். கிழிந்த இடம் ஆற, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய அகலமான டப்பில் 10 நிமிடம் உட்காரவைக்கலாம். வெளிப்புறத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

நான்காவது படி, சாப்பாடு. உங்கள் கடிதத்தில் அவன் எவ்வளவு பால் குடிக்கிறான் என்று எழுதவில்லை. கறவை உள்ள வீடுகளில் ஒரு லிட்டர் வரை குடிக்கும் பிள்ளைகள் உண்டு. வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சாப்பாடு இறங்காது. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், மொத்தம் 400 மில்லி போதும். அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம்.

பிள்ளைக்கு நாளுக்கு எவ்வளவு நார் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதோடு 5-ஐக் கூட்டுங்கள். மூன்று வயதுக்கு 8 கிராம். அதற்கு வெளியூர்ப் பழம் தேவையில்லை. 30 கிராம் ராகி மாவில் செய்த களியிலோ தோசையிலோ 3 கிராம் கிடைக்கும். பாதிக் கொய்யாப்பழத்தில் சுமார் 4 கிராம். மீதி கீரை மசியல், பருப்பு, அவரைக்கொட்டைச் சாறு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வந்துவிடும். பிஸ்கட், பன், சிப்ஸ் பாக்கெட் மூன்றையும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். இருந்தால்தானே கேட்பான்!

ஐந்தாவது, அங்கன்வாடி. அங்கே போய் "இது நோய், மருந்து கொடுக்கிறோம்" என்று பணியாளரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாற்று டவுசர் இரண்டு பையில் வைத்து அனுப்புங்கள். அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் காட்டச் சொல்லலாம். அவனை வீட்டுக்கு அனுப்புவது தீர்வு ஆகாது. ஒரு வேளைச் சத்துணவையும் கூட்டாளிகளையும் அவன் இழக்கிறான், அவ்வளவுதான்.

அவன் அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். மகனை மடியில் உட்காரவைத்து, "உன் மேல் தப்பு இல்லை, சரியாகிவிடும்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கதை சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்த கையைப் பிடித்துக்கொண்டு அவன் உட்காரும்போது பயம் சீக்கிரம் போகும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்

* பிறந்த 48 மணி நேரத்துக்குள் கரும்பச்சை முதல் மலம் போகாதது
* பிறந்த முதல் மாதத்திலிருந்தே மலச்சிக்கல்
* பச்சை நிறத்தில் வாந்தி
* வயிறு உப்பி, தொட்டால் கல் போல இருப்பது
* விட்டுவிட்டு அலறி அழுது, ஜெல்லி போல ரத்தம் கலந்து போவது
* காய்ச்சலோடு வயிறு உப்புவது
* எடை ஏறாமல் நிற்பது
* பால் உறிஞ்சும் பலம் குறைந்து, உடம்பு துவள்வது
* கால் பலவீனம், முதுகின் அடியில் குழி அல்லது முடிக்கற்றை
* எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பது, வறண்ட தோல், நீட்டிய நாக்கு (தைராய்டு குறைவாக இருக்கலாம்)

முதல் இரண்டுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்ற குழந்தை மருத்துவர், மலச்சிக்கலால் இறந்துபோன இரண்டு பச்சைக் குழந்தைகளைப் பற்றி 1886-ல் பெர்லினில் மருத்துவர்கள் முன் விவரித்தார். கடைசிக் குடலில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறப்பதுதான் இதன் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வரும். இன்று அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால் வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். சோப்பும் எண்ணெயும் வைத்து நாளைக் கடத்தினால்தான் குழந்தை கைவிட்டுப் போகும். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.

உங்கள் சின்னவள் பிறந்த முதல் நாளிலேயே மலம் போனாளா என்று மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். போயிருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

குறுங்கேள்விகள்

இராயக்கோட்டை வாசகர்: "அங்கன்வாடியில் கொடுத்த இரும்புச்சத்து டானிக் குடித்ததிலிருந்து பிள்ளைக்கு மலம் கருப்பாகப் போகிறது. நிறுத்தலாமா?"

நிறுத்த வேண்டாம். உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியேறுவதால்தான் கருப்பு நிறம். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இறுகலாம். பழமும் தண்ணீரும் கூட்டினால் போதும். டானிக் குடிக்காத பிள்ளைக்குத் தார் போலக் கருப்பாக, பிசுபிசுவென்று போனால்தான் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தளி வாசகி: "வாழைப்பழம் கொடுத்தால் மலம் இளகுமா, கட்டுமா?"

பழுத்த பக்குவத்தைப் பொறுத்தது. தோலில் கரும்புள்ளி விழுந்த, நன்றாகக் கனிந்த பழம் உதவும். அரைகுறையாகப் பழுத்ததில் மாவுச்சத்து அதிகம், அது கட்டும். அவசரத்துக்கு மருந்து வைத்துப் பழுக்கவைத்த பழத்தின் தோல் மஞ்சளாக இருந்தாலும் உள்ளே காயாக இருக்கலாம். தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள், அழுத்திப் பாருங்கள்.

சூளகிரி வாசகி: "என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே மாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு வரும் வரை அடக்குகிறாள்."

அடக்கும் பழக்கம் பல பிள்ளைகளுக்குப் பள்ளியில்தான் தொடங்குகிறது. கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். அரை மணி நேரம் முன்னதாக எழுப்பி, சாப்பிடவைத்து, அவசரமில்லாமல் உட்காரவைத்து அனுப்புங்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர், வாளி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அதனால் கேட்க வேண்டியவர்களும் பெற்றோர்தான்.

அடுத்த இதழில்: மழைக்காலப் பேதியும் உப்பு சர்க்கரைக் கரைசலும். உங்கள் கேள்விகளைப் பிள்ளையின் வயது, எடை, என்ன சாப்பிடுகிறது என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.